கேட்காத பொதிகள் கணினியில் குவியும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதிகளில் ஒரு கணினியைப் பராமரிப்பவர் இரண்டு மொழிகளுக்குப் பொறுப்பாகிறார். டிடிபி கடைக்கு வருபவர் ஒரு மனுவை மலையாளத்திலும், திருமண அழைப்பிதழைத் தமிழிலும் அடித்துத் தரச் சொல்வார். வாசகசாலையின் ஒரே கணினியில் இரு மொழி நாளிதழ்களும் திறக்கப்படும். இந்தக் கணினிகள் பெரும்பாலும் பழையவை, வட்டு சிறியது, இணைப்பு பல இடங்களில் கைபேசியிலிருந்து பகிரப்படுவது. ஆகவே, யாரும் கேட்காத ஒரு பொதி (நிரலை நிறுவுவதற்காகக் கட்டிவைத்த மென்பொருள் தொகுப்பு) உள்ளே வந்து அமர்ந்தால், அது இடத்தையும் தரவையும் ஒவ்வொரு மேம்படுத்தலின்போதும் நேரத்தையும் சேர்த்தே தின்கிறது. அதே சமயம், தேவையற்றது என்று எண்ணி அவசரமாக நீக்கிய ஒன்று மலையாள எழுத்துருவாகவோ அச்சுப்பொறி இயக்கியாகவோ இருந்துவிட்டால், அன்றைய வேலை நின்றுவிடும்.

எனவே இவ்வழிமுறை முழுவதும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுகிறது: எந்தப் பொதியையும் நீக்குவதற்கு முன், அதை யார் கேட்டது என்று கண்டறிய வேண்டும். கேட்டது நீங்களா, இன்னொரு பொதியின் கட்டாயச் சார்பா, வெறும் பரிந்துரையா என்பது தெரிந்துவிட்டால், நீக்கும் வேலையைப் பொதிகளை நிறுவி நீக்கும் ஆப்ட் கருவியே சரியாகச் செய்துகொள்ளும்.

இங்கே சொல்லப்படுபவை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கும், உபுண்டு, மின்ட் முதலிய அதன் வழித்தோன்றல்களுக்கும் பொருந்தும். பள்ளிகளில் கேரள அரசின் கைட் நிறுவனம் வழங்கும் இயங்குதளமும் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டதே. ஆனால் பள்ளி ஆய்வகக் கணினியில் பாடத்துக்குரிய நிரல்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால், ஆய்வகப் பொறுப்பாசிரியரின் ஒப்புதலின்றி எதையும் நீக்க வேண்டாம். கட்டளைகளைத் தொலைபேசியில் வாசித்துச் சொல்ல ஏதுவாக ஒலிப்படி தமிழில் எழுதியுள்ளேன். முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இணைப்புக்கோடுகள் மாறாமல் தட்ட வேண்டும்.

தொடங்கும் முன்

முதலில் இப்போதைய நிலையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். "ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்" என்ற கட்டளை, மனிதர் கேட்டு நிறுவியவை என்று கணினி கருதும் பொதிகளின் பட்டியலைத் தரும். அதை ஒரு கோப்பில் சேமியுங்கள். அத்துடன் வார் அடைவில் லிப், ஆப்ட் ஆகியவற்றின் கீழுள்ள "எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸ்" என்ற கோப்பையும் நகலெடுத்து வையுங்கள். எந்தப் பொதி தானாக வந்தது என்ற குறிப்பு அந்த ஒரு கோப்பில்தான் உள்ளது. அது தவறிப்போனால், எல்லாப் பொதிகளும் நீங்களே கேட்டவை போல ஆகிவிடும்.

சார்புகளின் வகைகளையும் மனத்தில் கொள்ள வேண்டும். "டிபெண்ட்ஸ்" என்பது கட்டாயச் சார்பு. அது இல்லாமல் பொதியை நிறுவ முடியாது. "ரெக்கமெண்ட்ஸ்" என்பது பரிந்துரை; அசாதாரணமான நிறுவல்களைத் தவிர மற்றெல்லாவற்றிலும் உடன் இருக்க வேண்டியவற்றை இதில் எழுத வேண்டும் என்று டெபியன் கொள்கைக் கையேடு வரையறுக்கிறது. "சஜஸ்ட்ஸ்" என்பது இருந்தால் நல்லது என்ற அளவிலான குறிப்பு. 2009-இல் வெளிவந்த டெபியன் 5.0 முதல், பரிந்துரைகளையும் ஆப்ட் இயல்பாகவே சேர்த்து நிறுவுகிறது. கணினியில் குவியும் கேட்காத பொதிகளில் பெரும்பகுதி இந்த வாசல் வழியே வருவதுதான்.

அறிகுறி: சிறிய நிரல் ஒன்றைக் கேட்டால் பெரிய பட்டியல் இறங்கத் தொடங்குகிறது

உடனே ஒப்புதல் தராமல், வேண்டாம் என்று சொல்லி வெளியேறுங்கள். பிறகு "ஆப்ட்-கெட் --சிமுலேட் இன்ஸ்டால்" என்று தொடங்கிப் பொதியின் பெயரைச் சேர்த்து இயக்குங்கள். இது எதையும் நிறுவாமல், என்ன நடக்கும் என்பதை மட்டும் காட்டும். அதே கட்டளையை "--நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்" என்ற தெரிவுடன் இன்னொரு முறை இயக்கி, இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் உள்ளவை கட்டாயச் சார்புகள். முதல் பட்டியலில் மட்டும் உள்ளவை பரிந்துரை வழியாக வருபவை. உங்கள் விருப்பத்துக்கு உட்பட்டவை அவை மட்டுமே.

பட்டியல்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தால், நீங்கள் கேட்ட பெயர் மிகப் பெரியதாக இருக்கக்கூடும். "லிப்ரெஆபிஸ்" என்ற பெயர் ஒரு மெட்டாபொதி. அது தன்னளவில் நிரல் எதையும் கொண்டிராமல், தரவுத்தளக் கருவி உட்பட முழுக் குடும்பத்தையும் அழைத்து வருகிறது. கடிதமும் மனுவும் மட்டும் அடிக்கும் கடைக்கு "லிப்ரெஆபிஸ்-ரைட்டர்" போதும். அச்சுப்பொறிக்கும் இதுவே பொருந்தும்: பல எச்பி அச்சுப்பொறிகளுக்கு "எச்பிலிப்" என்ற முழுப் பொதி தேவையில்லை, "பிரிண்டர்-டிரைவர்-எச்பிகப்ஸ்" என்ற இயக்கிப் பொதி மட்டுமே அச்சிடப் போதுமானது. வருடியும் சேர்ந்த கருவியாக இருந்தால் மட்டும் முழுப் பொதியைப் பற்றி யோசியுங்கள்.

சில சமயம் பட்டியலில் சற்றும் தொடர்பில்லாத ஒரு பெயர் தோன்றும். வட்டுகளை இணைத்து வைக்கும் "எம்டிஆட்ம்" பொதியை டெபியனில் நிறுவும்போது "எக்ஸிம்4" என்ற அஞ்சல் சேவையகம் உடன் வருவதைப் பார்க்கலாம். வட்டு பழுதானால் மின்னஞ்சல் அனுப்பித் தெரிவிக்க ஏதேனும் ஓர் அஞ்சல் கடத்தி வேண்டும் என்று அப்பொதி பரிந்துரைக்கிறது. இத்தகைய பரிந்துரை "இது அல்லது அது" என்ற வடிவில் எழுதப்பட்டிருக்கும். இரண்டில் ஒன்றும் இல்லாதபோது ஆப்ட் முதலில் எழுதப்பட்டதைத் தேர்கிறது. ஆகவே, உங்களுக்கு ஏற்ற சிறிய மாற்றை முன்கூட்டியே நிறுவிவிட்டால், பெரியது வராது. சார்புகளைக் குறைப்பதில் இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்றே கருதுகிறேன், ஏனெனில் இதில் எந்தப் பொதியின் தேவையும் மீறப்படுவதில்லை.

அறிகுறி: நிரலை நீக்கியும் அதனுடன் வந்தவை போகவில்லை

மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்குக் காரணங்களும் பல. "ஆப்ட் ஆட்டோரிமூவ்" இயக்கியும் நீக்க எதுவும் இல்லை என்று கணினி சொன்னால், கீழ்க்கண்டவற்றை இதே வரிசையில் சோதியுங்கள்.

முதலாவது, மீந்திருக்கும் பொதி நீங்களே கேட்டது என்று குறிக்கப்பட்டிருக்கலாம். முன்பு எப்போதோ ஒரு நூலகத்தின் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுதியின்) பெயரைச் சொல்லி நிறுவியிருந்தாலே போதும். அந்தக் குறி நிலைத்துவிடும். இணையத்தில் கண்ட நீண்ட நிறுவல் கட்டளையை அப்படியே ஒட்டியவர்களின் கணினிகளில் இது மிகச் சாதாரணம். ஷோமேனுவல் பட்டியலில் "லிப்" என்று தொடங்கும் பெயர்கள் பல இருந்தால், அவற்றை ஒவ்வொன்றாக "ஆப்ட்-மார்க் ஆட்டோ" கட்டளையால் தானாக வந்தவை என்று மாற்றுங்கள். இக்கட்டளை எதையும் நீக்காது, குறியை மட்டுமே மாற்றும். அதன்பின் ஆட்டோரிமூவை --சிமுலேட் தெரிவுடன் இயக்கி, என்ன போகும் என்று பாருங்கள்.

இரண்டாவது, இன்னொரு பொதி அதைப் பரிந்துரைத்துக்கொண்டிருக்கலாம். ஆட்டோரிமூவ், கட்டாயச் சார்புகளை மட்டுமல்லாமல், நிறுவப்பட்ட ஏதேனும் ஒரு பொதி பரிந்துரைப்பதையும், வெறுமனே குறிப்பிடுவதையும்கூட இயல்பாகக் காத்துவைக்கிறது. இந்தக் காவலை நீக்க "ஆப்ட்::ஆட்டோரிமூவ்::ரெக்கமெண்ட்ஸ்இம்பார்ட்டண்ட்", "ஆப்ட்::ஆட்டோரிமூவ்::சஜஸ்ட்ஸ்இம்பார்ட்டண்ட்" என்ற இரு அமைப்புகள் உள்ளன. இரண்டாவதைப் பொய் என்று அமைப்பது பெரும்பாலும் தீங்கற்றது. முதலாவதை நிரந்தரமாகப் பொய் என்று அமைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. அடுத்த ஆட்டோரிமூவில் பரிந்துரையை மட்டும் நம்பி நிற்கும் அனைத்தும் ஒரே அடியாகப் போய்விடும். வேண்டுமானால் "--சிமுலேட்"டுடன் "-ஓ" என்ற தெரிவையும் சேர்த்து அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் அமைத்து, பட்டியலை வாசித்து, வேண்டாதவற்றைப் பெயர் சொல்லி நீக்குங்கள்.

மூன்றாவது, மெட்டாபொதிகளுக்கென ஒரு தனி விதி இருக்கிறது. "மெட்டாபேக்கேஜஸ்", "டாஸ்க்ஸ்" என்ற பிரிவுகளைச் சேர்ந்த பொதிகளின் நேரடிச் சார்புகளைத் தானாக வந்தவையாகக் குறிக்காமல், மனிதர் கேட்டவையாகவே ஆப்ட் குறிக்கிறது. இவ்விதி ஆப்ட் அமைப்பு அடைவிலுள்ள "01ஆட்டோரிமூவ்" கோப்பில் "நெவர்-மார்க்ஆட்டோ-செக்‌ஷன்ஸ்" என்ற பெயரில் எழுதப்பட்டுள்ளது. மெட்டாபொதியை நீக்கியவுடன் மேசைத்தளம் (சாளரங்களும் பட்டிகளும் கொண்ட பணிச்சூழல்) முழுவதும் கலைந்துவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் ஏற்பட்டது இது. ஆனால் இரண்டு மேசைத்தளங்களைச் சோதித்துவிட்டு ஒன்றை நீக்க நினைப்பவருக்கு, நீக்கியும் எதுவும் நீங்காததற்கு இதுவே காரணம். ஆப்டின் புதிய பதிப்புகளில் "ஆப்ட்-மார்க் மினிமைஸ்-மேனுவல்" என்ற கட்டளை, நிறுவப்பட்டுள்ள மெட்டாபொதிகளின் சார்புகளைத் தானாக வந்தவை என்று திருத்திக் குறிக்கிறது. மெட்டாபொதி இன்னும் இருக்கும்போதே இதை இயக்க வேண்டும். நீக்கிய பிறகு இயக்கினால், எவை அதன் சார்புகள் என்று அறிய வழியில்லை.

நான்காவது, இவை மூன்றும் இல்லையென்றால், உண்மையிலேயே யாரோ அதைச் சார்ந்திருக்கிறார். "ஆப்டிடியூட் ஒய்" என்ற கட்டளையுடன் பொதியின் பெயரைக் கொடுத்தால், நீங்கள் கேட்ட ஒரு பொதியிலிருந்து அப்பொதி வரையிலான சங்கிலி ஒன்றை அது படிப்படியாகக் காட்டும். எந்தக் கண்ணி கட்டாயம், எது பரிந்துரை என்பதும் அதில் தெரியும். ஆப்டிடியூட் நிறுவப்படாத கணினியில் "ஆப்ட்-கேஷ் ஆர்டிபெண்ட்ஸ் --இன்ஸ்டால்ட்" பயன்படும். ஆனால் இந்தப் பின்னது கட்டாயம், பரிந்துரை, குறிப்பு, முரண்பாடு என எல்லா உறவுகளையும் கலந்து காட்டுவதால், அங்கே வரும் ஒவ்வொரு பெயரையும் சார்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "ஆப்ட்-கேஷ் டிபெண்ட்ஸ்" கொண்டு எதிர்த்திசையில் சரிபார்க்க வேண்டும். எந்த நாளில், எந்தக் கட்டளையால் ஒரு பொதி உள்ளே வந்தது என்பதை அறிய, பதிவு அடைவின் ஆப்ட் பிரிவிலுள்ள "ஹிஸ்டரி.லாக்" கோப்பைத் திறவுங்கள். இயக்கப்பட்ட கட்டளையும், தானாக வந்த பொதிகளின் அருகில் "ஆட்டோமேட்டிக்" என்ற சொல்லும் அதில் இருக்கும். பலர் கைவைக்கும் வாசகசாலைக் கணினியில் இக்கோப்பு மிகப் பெரிய துணை.

அறிகுறி: ஒரு விளையாட்டை நீக்கப்போனால், மேசைத்தளம் முழுவதையும் நீக்கவா என்று கேட்கிறது

இங்கே ஒப்புதல் தருவது ஆபத்து. அந்த விளையாட்டு மேசைத்தள மெட்டாபொதியின் கட்டாயச் சார்பாக இருக்கும்; அதை நீக்கினால் மெட்டாபொதியும் நீங்க வேண்டும்; மெட்டாபொதி நீங்கினால், அதை மட்டும் நம்பித் தானாக வந்தவை என்று குறிக்கப்பட்டவை அனாதைகளாகும். மெட்டாபொதி நீங்குவது தன்னளவில் எந்த நிரலையும் பாதிக்காது. ஆகையால் முதலில் உங்களுக்குத் தேவையான நிரல்களை, அதாவது கோப்பு உலாவி, முனையம், உள்நுழைவுத் திரை, பிணைய மேலாளர், ஒலிக் கட்டுப்பாடு ஆகியவற்றை, "ஆப்ட்-மார்க் மேனுவல்" மூலம் நீங்கள் கேட்டவை என்று குறியுங்கள். பிறகு விளையாட்டை நீக்குவதாகப் பாவித்துப் பாருங்கள். பட்டியல் சுருங்கிச் சில பெயர்களில் நின்றால், அப்போது உண்மையாக நீக்கலாம்.

மெட்டாபொதியைக் கைவிடுவதற்கு ஒரு விலையுண்டு: அடுத்த பெரும் பதிப்புக்கு மாறும்போது, மேசைத்தளத்தில் புதிதாகச் சேரும் பகுதிகள் தாமாக வரமாட்டா. சில எம்பி அளவுள்ள ஒரு விளையாட்டுக்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. அதைப் பட்டியில் மறைத்துவைப்பதே மேல். "ஈக்விவ்ஸ்" என்ற கருவியால் போலிப் பொதி ஒன்றைக் கட்டிச் சார்பை நிறைவு செய்ததாகக் காட்டவும் முடியும். அது பின்னால் கணினியைப் பார்க்க வருபவரைத் திசைதிருப்பும் என்பதால், வேறு வழியே இல்லாதபோது மட்டும், தெளிவான விளக்கவுரையுடன் செய்யுங்கள்.

அறிகுறி: சுத்தம் செய்தபின் மலையாளமோ தமிழோ கட்டம் கட்டமாகத் தெரிகிறது

எழுத்துருப் பொதி போய்விட்டது என்பதே இதன் பொருள். "ஃபாண்ட்ஸ்-இண்டிக்" என்ற மெட்டாபொதி தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், வங்கம், குஜராத்தி முதலிய பல மொழிகளின் எழுத்துருக்களை ஒன்றாகக் கொண்டுவருகிறது. வேண்டாத மொழிகளுக்காக அதை நீக்கும்போது, வேண்டிய மொழிகளும் சேர்ந்து நீங்குகின்றன.

"எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ" என்று இயக்கினால் தமிழுக்கான எழுத்துருக்களும், "எஃப்சி-லிஸ்ட் :லாங்=எம்எல்" என்று இயக்கினால் மலையாளத்துக்கானவையும் பட்டியலிடப்படும். எதில் வெறுமை தெரிகிறதோ அதை நிறுவுங்கள்: தமிழுக்கு "ஃபாண்ட்ஸ்-லோஹித்-டாம்ல்", மலையாளத்துக்கு ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் எழுத்துருக்களை அடக்கிய "ஃபாண்ட்ஸ்-எஸ்எம்சி". மலையாளத்திலும் மீரா, ரச்சனா, மஞ்சரி போன்றவை தனித்தனிப் பொதிகளாகக் கிடைப்பதால், இடம் மிகக் குறைந்த கணினியில் ஒன்றிரண்டை மட்டும் தேரலாம். பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுக்காவில் பணி செய்யும் கணினியில் தமிழையும் மலையாளத்தையும், திருத்தணி, நகரி பக்கம் என்றால் தமிழையும் தெலுங்கையும், எந்தச் சுத்தத்துக்கும் முன்பே "ஆப்ட்-மார்க் மேனுவல்" கொண்டு குறித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தட்டச்சும் சேர்ந்து நின்றுபோயிருந்தால், "ஐபஸ்-எம்17என்" இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் ஆகிய இரண்டும் அதன் வழியே கிடைக்கின்றன.

அறிகுறி: பரிந்துரைகளை நிறுத்திவைத்தபின் வேறெங்கோ பழுது தோன்றுகிறது

"ஆப்ட்::இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்" என்பதைப் பொய் என்று நிரந்தரமாக அமைத்த கணினிகளில் காணப்படுவது இது. ஏற்கெனவே நிறுவப்பட்டவற்றை இவ்வமைப்பு தொடுவதில்லை. ஆனால் அதற்குப் பின் நிறுவப்படும் ஒவ்வொன்றும் குறைபட்டே வரும். இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் "டபிள்யூகெட்" நிரலை இயக்கும்போது பாதுகாப்பான தளங்கள் அனைத்திலும் சான்றிதழ்ப் பிழை வந்தால், "சிஏ-சர்டிபிகேட்ஸ்" பொதி இல்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும். அது பரிந்துரை மட்டுமே. பிணையத்திலுள்ள அச்சுப்பொறி தானாகத் தென்படாவிட்டால், அச்சுச் சேவையான "கப்ஸ்" பரிந்துரைக்கும் "அவாஹி-டீமன்" இருக்கிறதா என்று சோதியுங்கள். ஒரே பணியைச் செய்யும் சேவையகத்துக்கு இந்த நிரந்தர அமைப்பு ஏற்றது. பலர் பயன்படுத்தும் மேசைக் கணினிக்கு, ஒவ்வொரு கட்டளையிலும் தெரிவாகக் கொடுப்பதே தகும்.

அறிகுறி: வட்டு நிறைகிறது, ஆனால் பொதிகள் அதிகமில்லை

சார்புகளைக் குறை சொல்லும் முன் "ஆப்ட் கிளீன்" இயக்கி, இறக்கி வைத்த பொதிக் கோப்புகளை அகற்றுங்கள். "பூட்" பகுதி நிறைந்தால் பழைய கருனிகளே (இயங்குதளத்தின் மையப் பகுதிகளே) காரணம்; இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கருனியைக் காத்து, பழையவற்றை ஆட்டோரிமூவ் நீக்கும். ஃபிளாட்பேக் என்ற தனி நிறுவல் முறையைப் பயன்படுத்துவோர் "ஃபிளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்ட்" இயக்கினால், யாரும் பயன்படுத்தாத இயக்கநேரத் தொகுதிகள் போகும்.

அறிகுறி: நீங்களே கட்டும் பொதி தேவையில்லாத நூலகங்களைக் கேட்கிறது

உள்ளூர்ப் பயன்பாட்டுக்காகப் பொதி கட்டுவோர் இப்பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். ஒரு நிரலின் நூலகச் சார்புகளை "டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ்" என்ற கருவி, நிரல் எவற்றோடு இணைக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்த்துத் தானே கணக்கிடுகிறது. நிரல் ஒரு நூலகத்தோடு இணைக்கப்பட்டு, அதிலிருந்து எந்தச் செயல்கூற்றையும் பயன்படுத்தாவிட்டால், தவிர்க்கக்கூடிய சார்பு ஒன்று இருப்பதாக அக்கருவி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கைகளைக் கடந்து செல்லாதீர்கள். இணைப்பிக்கு "--ஆஸ்-நீடட்" என்ற தெரிவைக் கொடுத்தால், பயன்படாத நூலகங்கள் பதிவாவதில்லை, உபுண்டு 11.10 முதல் இதை இயல்பாகவே கொண்டுள்ளது. அத்துடன், வரைகலைப் பகுதியையும் கட்டளைப் பகுதியையும் இரு பொதிகளாகப் பிரித்தால், சேவையகத்தில் நிறுவுபவருக்கு வரைகலை நூலகங்கள் வரமாட்டா.

ஒரு தேவையற்ற சார்பு எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதை 2024-இல் உலகம் கண்டது. "எக்ஸ்இசட்" சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மறைவாகச் சேர்க்கப்பட்ட பின்கதவை (கள்ள நுழைவழியை), எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்து, மார்ச் 29 அன்று வெளியிட்டார். எஸ்எஸ்எச் சேவையைத் தரும் ஓபன்எஸ்எஸ்எச் மூல நிரலுக்கும் அந்தச் சுருக்க நூலகத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. சேவை தயாராகிவிட்டது என்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு ஒரு சிறு செய்தி அனுப்புவதற்காக, டெபியன், ஃபெடோரா உள்ளிட்ட லினக்ஸ் வழங்கல்கள் அதை "லிப்சிஸ்டம்டி" நூலகத்தோடு இணைத்திருந்தன. அந்நூலகம் தன் வேறொரு பணிக்காகச் சுருக்க நூலகத்தைச் சார்ந்திருந்தது. அவ்வாறு இரண்டு கண்ணிகள் தாண்டி, தொலைவுள்நுழைவைக் காக்கும் நிரலுக்குள் பின்கதவு வந்து சேர்ந்தது. டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டவில்லை. அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.8, அந்தச் செய்தியை வெளி நூலகமின்றித் தானே அனுப்பும் வழியைச் சேர்த்துக்கொண்டது. சிஸ்டம்டி 256-ஆம் பதிப்பு, சுருக்க நூலகங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் முறைக்கு மாறியது. உங்கள் பொதிக்கும் இதே இரு வழிகள் உள்ளன: சிறு வேலைக்குப் பெரிய நூலகத்தை அழைக்காதிருத்தல், அல்லது எப்போதாவது தேவைப்படுவதை அப்போது மட்டும் ஏற்றி, அதன் பொதியைப் பரிந்துரையாகக் குறித்தல்.

அறிகுறி: வழங்கலின் பொதியிலேயே கட்டாயச் சார்பு தவறாக உள்ளது

சங்கிலியைத் தேடிப்போய், ஒரு பொதி தனக்குத் தேவையில்லாத ஒன்றைக் கட்டாயம் என்று கேட்கிறது என உறுதியாகத் தெரிந்தால், உங்கள் கணினியில் மட்டும் சரிசெய்து நிறுத்திவிடாதீர்கள். அது வழங்கலின் பொதிக் களஞ்சியத்திலேயே திருத்தப்பட வேண்டியது. டெபியனில் "ரிப்போர்ட்பக்" கருவி, பொதியின் பதிப்பையும் சார்புகளின் நிலையையும் தானே இணைத்து அறிக்கையை அனுப்பும்.

அறிக்கையில் இன்ன பொதி இன்னதைக் கட்டாயமாகக் கேட்கிறது என்பதையும், அது இல்லாமல் எந்தெந்தச் செயல்கள் சரியாக நடந்தன என்பதையும், எது மட்டும் நடக்கவில்லை என்பதையும், எனவே அதைப் பரிந்துரையாகவோ குறிப்பாகவோ தாழ்த்தலாம் என்பதையும் எழுதுங்கள். அது இல்லாமல் சோதிக்க, தனிச் சோதனைக் கணினியிலோ மெய்நிகர் கணினியிலோ "டிபிகேஜி --ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ் --ரிமூவ்" கொண்டு அந்த ஒரு பொதியை அகற்றி நிரலை ஓட்டலாம். அன்றாடப் பணி செய்யும் கணினியில் இதைச் செய்யக் கூடாது. இடம் மிச்சமாகிறது என்று மட்டும் எழுதினால் பராமரிப்பாளர் தயங்குவார். எந்தச் செயல் உடையும், எது உடையாது என்பதைச் சோதித்து எழுதினால் முடிவெடுப்பது அவருக்கு எளிது. மாற்றம் ஏற்கப்பட்டாலும் நிலையான பதிப்புக்கு அது பெரும்பாலும் வராது, அடுத்த பதிப்பிலேயே கிடைக்கும். அதுவரை அந்தப் பொதியை அப்படியே விட்டுவையுங்கள்.